மயிலாத்தாள் அக்கா கேட்டு வாங்கிய இடம்

இந்த இரங்கல் கூட்டத்தில் முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. நம் மயிலாத்தாள் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் எதிர்க்கட்சிக்காரர் கூட்டத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாதாரண எதிர்க்கட்சிக்காரர் இல்லை, அக்காவை இரண்டாவது தேர்தலில் தோற்கடித்தவரே. மைக் செட் கட்டப் போனவன், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். முதல் பிளேட்டாக இருந்தால் பசி என்று சொல்லித் தப்பிக்கலாம். அது இரண்டாவது பிளேட்.

போனில் முருகேஸ்வரி. அருள்புரத்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள், எங்கள் சங்கரன்கோவில் பக்கத்து ஆள். "அண்ணே, அக்கா போய்ட்டாவ" என்றாள். என் கை பிளேட்டிலேயே நின்றுவிட்டது. "அழுகுறதுக்கு நேரம் இல்ல. அக்கா தம்பி குண்டடத்துத் தோட்டத்துக்குக் கொண்டு போறதுக்கு வண்டி சொல்லிட்டாரு. அக்கா எங்க போகணும்னு சொன்னாவன்னு ஒமக்குத் தெரியும்லா? சீக்கிரம் வாரும்."

எனக்குத் தெரியும். அக்கா போக வேண்டும் என்று சொன்ன இடம், அருள்புரத்துக்குத் தெற்கே பழைய கல்லுக்குழிப் பக்கம் இருக்கிற பொது மயானம். சட்டமன்ற உறுப்பினராக இருந்தும், இல்லாமல் போயும் அவர் அலைந்து வாங்கிய இடம். அந்த இடத்தின் கதையைச் சொன்னால் அவருடைய அரசியல் கதையைச் சொன்ன மாதிரிதான்.

அக்கா அரசியலுக்கு வருவதற்கு முன்பு செக்கிங் டேபிளில் நின்றவர் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் அடுத்த வரிசையில் அயர்ன் டேபிள். தைத்து வருகிற பனியனில் ஓட்டையோ, கறையோ, தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அக்கா ஒட்டின அம்பை எந்த சூப்பர்வைசரும் பிய்க்க முடியாது. ஒருநாள் ஒரு டெய்லர் பெண்ணைச் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்: "குத்தம் பீஸுலதானுங்க. அம்ப பீஸு மேல ஒட்டுங்க, புள்ள மேல ஒட்டாதீங்க." நான் தேய்க்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பார்த்த நேரத்தில் ஒரு பனியன் கருகியது. அதற்கும் அக்காதான் அம்பு ஒட்டினார்.

பிறகு வார்டு கவுன்சிலர் ஆனார். அந்தச் சமயத்தில்தான் பேச்சிமுத்து இறந்தான். முருகேஸ்வரியின் புருஷன், எனக்குப் பக்கத்து அயர்ன் டேபிள். காலையில் டீ குடித்தவன், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தான், அவ்வளவுதான். அவர்கள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டின் சொந்தக்காரர் வாசலில் நின்று, "தப்பா நெனைக்காதீங்க, உள்ளுக்குள்ள வெக்க வேண்டாமுங்க" என்றார். மயானத்துக்குக் கேட்கப் போனோம். "இது எங்க சனத்துக்கு உண்டானதுங்க. உங்களுக்கு ஊரு இருக்குதல்லங்க?" என்றார்கள். இந்த ஊரில் ஒருத்தனை விரட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் விரட்டுவார்கள். அந்த மரியாதையில் நமக்கும் கோபம் வராது, அழுகைதான் வரும்.

வேறு வழியில்லாமல் சங்கரன்கோவிலுக்கு வண்டி பிடித்தோம். முருகேஸ்வரிக்கு அப்போது ஏழு மாதம். கவுன்சிலர் அக்கா வந்து பார்த்தார், ஆறுதல் சொன்னார், போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி முருகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஊர் போய்ச் சேரும்வரை அவள் கையை விடவில்லை. திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "இத்தன வருசம் நம்மூரு துணியத் தேச்சவனுக்கு ஆறடி இல்லைன்னு அனுப்பிட்டோம் கண்ணு. இந்த ஓட்டைய நான் அடைக்கோணும்."

அடுத்த சட்டமன்றத் தேர்தலில் கட்சி அவருக்கு சீட் கொடுத்தது. கொடுத்தபிறகுதான் அவர் என்ன வாக்குறுதி வைத்திருக்கிறார் என்று கட்சிக்குத் தெரிந்தது. அதற்குள் நான் அயர்ன் வேலையை விட்டு ஆட்டோ வாங்கியிருந்தேன்; பிரச்சார ஆட்டோ என்னுடையது, மைக்கும் என் கையில். பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள், குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொல்வார்கள். அக்கா பெயர் வைத்த கையோடு, "நான் செயிச்சா எல்லாத்துக்கும் பொதுவா ஒரு சுடுகாடு வாங்கித் தருவேனுங்க" என்பார். ஒரு அம்மா தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "ஏனுங்க, ஓட்டுக் கேக்க வந்தீங்களா, எங்களக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

ஒன்றியச் செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, ரோடு சொல்லுங்க, தண்ணி சொல்லுங்க, லைட்டு சொல்லுங்க. அத மட்டும் விட்டுருங்க." அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கும் ரோடு, தண்ணி, லைட்டு எல்லாம் வேணுமுங்களே." அன்று முதல் சுடுகாட்டுக்கு ரோடு, தண்ணி, லைட்டு என்று நானே மைக்கில் நிறுத்தி நிதானமாக அறிவித்தேன். ஜெயித்தார். லைன் வீடுகளில் இருந்த தெற்கத்திக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

அக்கா பெரிய பேச்சாளர் இல்லை. இறந்தவர் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. மேடையில் ஏறினால் நடுவிலேயே என்ன சொல்ல வந்தோம் என்று என்னைப் பார்ப்பார். பொன்னாடை போர்த்தினால் நன்றி சொல்வதற்கு முன் அதன் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார். ஒரு மந்திரி போர்த்தியதையும் பார்த்தார். ஆனால் சட்டமன்றத்தில் ஒருநாள் நன்றாகப் பேசினார். பொது மயானம் கேட்டபோது யாரோ சிரித்தார்களாம். "சிரிக்கிறவங்க எல்லாத்துக்கும் சொந்த ஊருல எடம் இருக்குதுங்க. அதனால சிரிப்பு வருதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பேச வேண்டிய இரண்டு பக்கம் கையிலேயே இருந்ததாம். மறந்துவிட்டேன் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை.

இடம் கேட்டு எழுதிய மனுவுக்கு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. அக்கா அந்த வார்த்தைக்கு நேராக ஒரு சிவப்பு அம்பு ஒட்டி, அதே கவரில் திருப்பி அனுப்பினார். அதிகாரி பதறிப்போய்க் கூப்பிட்டார். "மேடம், இது என்னங்க?"

"குத்தம் இருக்கிற எடத்தக் காட்டியிருக்கேனுங்க. சரி பண்ணி அனுப்புங்க."

அப்படியும் ஐந்து வருடத்தில் இடம் கிடைக்கவில்லை. பார்த்த இடத்துக்கெல்லாம் பக்கத்துக்காரர்கள் மறித்தார்கள். வெளியூர்க்காரனுக்குச் சுடுகாடு தேடுகிறவள் என்று ஊருக்குள் பேச்சானது. அடுத்த தேர்தலில் தோற்றார். தோற்ற மறுநாள் ஆறுதல் சொல்லப் போன நான் வாசலில் நின்றதும், "வா கண்ணு, தாலுகா ஆபீசுக்குப் போகோணும், உன்ற ஆட்டோ சும்மாதான் இருக்குது?" என்றார். பதவியில் இருந்தபோது நாற்காலி போட்ட அதிகாரிகள் இப்போது பெஞ்சைக் காட்டினார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். எந்த மேசைக்கு யார் வந்தாலும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். கடைசியில் கல்லுக்குழிப் பக்கம் இடம் ஒதுக்கிக் காகிதம் வந்தது. காம்பவுண்டு, போர் தண்ணி, ஒரு பெரிய இரும்புக் கேட். அக்காவைத் திறப்புவிழாவுக்குக் கூப்பிடவில்லை. தோற்கடித்தவர் ரிப்பன் வெட்டினார். அக்கா கூட்டத்தின் பின்னால் நின்று கை தட்டினார்.

ஆனால் யாரும் அங்கே போகவில்லை. அதுதான் அக்காவை அரித்தது. பேர் ஊர் தெரியாத மூன்று பேரைப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதோடு அநாதைகள் போகிற இடம் என்று பெயர் விழுந்துவிட்டது. எங்கள் ஆட்களே மறுபடியும் ஊருக்கு வண்டி பிடித்தார்கள். அக்கா உடம்பு முடியாமல் படுத்தபிறகு என்னையும் முருகேஸ்வரியையும் கூப்பிட்டுச் சொன்னார்: "தோட்டங்காடு இருக்கிறவங்க ஒருத்தர் போனாத்தான் அந்தப் பேரு போகும். நான் போறேன். தம்பி ஒத்துக்க மாட்டான். நீங்கதான் பேசோணும்."

அந்தப் பேச்சைத்தான் அன்று மதியம் பேசப் போனேன், கையில் பிரியாணி வாசனையோடு. அக்காவுக்குக் கல்யாணம், குடும்பம் கிடையாது. எல்லாம் தம்பி பழனிச்சாமிதான். வாசலில் வண்டி நின்றது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் உயரவில்லை.

"எங்க அப்பன் ஆத்தா பக்கத்துல எடம் வச்சிருக்கேனுங்க. சொந்த பூமி இருக்கையில என்ற அக்காவ அநாதையாட்டப் போடச் சொல்றீங்களா? உங்களுக்கே நல்லாருக்குதுங்களா?"

ஊரெல்லாம் மைக் பிடித்துப் பேசினவன் நான். பிரியாணிக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பின்னால் கம்பெனிகளிலிருந்து பாதி ஷிப்டில் வந்த செக்கிங் பெண்கள் தெருமுனை வரை நின்றார்கள்.

பழனிச்சாமி தெருமுனை வரை பார்த்துவிட்டுக் கேட்டார். "இதுவரைக்கும் அங்க எத்தன பேருங்க?"

"மூணு பேருங்க. பேரு தெரியாதவங்க."

"அப்ப என்ற அக்கா அங்க தனியாவா கெடக்கோணும்?" அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

முருகேஸ்வரி முன்னால் வந்தாள். "தனியா இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர ஊருக்குக் கொண்டு போகையில அக்காதான் என் கையப் பிடிச்சிட்டு வந்தாவ. எனக்கு இனி ஊரு வேண்டாம்னு எம்பிள்ளைட்ட சொல்லிட்டேன். அடுத்தது நான்தான் அங்க வருவேன்."

பழனிச்சாமி அவளையே பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவசரமில்லீங்க," என்றார். "நீங்க மெதுவா வாங்க."

பிறகு வண்டிக்காரரிடம் திரும்பி, "கல்லுக்குழிக்கு விடுங்க" என்றார்.

அக்காவைத் தெரிந்த எல்லாரும் அவரிடமிருந்து ஏதாவது வைத்திருப்பீர்கள். எனக்கு அவர் தந்தது அந்த மயானத்துக் கேட்டின் சாவி. பொறுப்பேற்க ஆளில்லாத சாவியை ஆபீசில் அவரே கேட்டு வாங்கி, ஆட்டோ வைத்திருக்கிறாய், கூப்பிட்டால் வருவாய் என்று என்னிடம் கொடுத்திருந்தார். ஊர்வலத்துக்கு முன்னால் மைக்கில் அக்காவின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். உள்ளூர்க்காரர்கள், தெற்கத்திக்காரர்கள், ஒரிசாப் பையன்கள், என் பிரியாணிக்காரர்கூட மாலையோடு வந்தார். கேட் முன்னால் எல்லாரும் நின்றார்கள். நான் சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி ஒடிந்தது. அனுப்பர்பாளையத்திலிருந்து பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவர் ரம்பம் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அக்கா வெளியே இருந்தார். பாதிச் சாவி என்னிடம் இருக்கிறது. மீதி பூட்டோடு போய்விட்டது. கேட் இப்போது சும்மா சாத்தித்தான் இருக்கிறது.