பாவூர்சத்திரத்திலிருந்து வந்த தட்டு

அந்த இசைத்தட்டில் பாடுகிறவர் யாரும் கிடையாது. பன்னிரண்டு மெட்டுகள், பக்கத்துக்கு ஆறு. கிட்டார், அக்கார்டியன், ஆர்கன், சாக்சபோன், டிரம்ஸ், ஓரிடத்தில் விசில், அவ்வளவுதான். அட்டையில் கடற்கரையோரம் நிற்கும் ஒரு சிவப்புக் காரும், கழுத்தில் மஞ்சள் துணி கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுமாக ஒரு படம். வாசித்தவர்களின் பெயர் இங்கிலீஷில் போட்டிருந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்த நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். சரியாகத்தான் வாசித்தேனா என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு ரேடியோவிலோ வேறு எங்கேயோ அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தென்காசியில் அந்தத் தட்டை விழுந்து விழுந்து கேட்டவர்கள் மூன்று பேர். நான், என் மதினி, பக்கத்து வீட்டு அக்கா. மதினி என் வீட்டுக்காரருடைய மூத்த சகோதரி, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். அக்கா துலுக்க வீட்டுப் பெண். அவள் வீட்டுக்காரருக்குக் கைத்தறித் துணி வியாபாரம். எங்கள் புறவாசலுக்கும் அவர்கள் புறவாசலுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான்.

அக்காவின் தம்பி கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது, சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற ரிக்கார்டு பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தான். கூடவே ஏழெட்டு சினிமாத் தட்டுகள், இந்த ஒரு பெரிய தட்டு. பெரிய தட்டைப் பிளேயர் விற்ற கடைக்காரன் இனாமாகக் கொடுத்தானாம். சினிமாத் தட்டுகளை எல்லோரும் கேட்டார்கள். இதைப் போட்டால் ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள். "வார்த்தையே இல்லாம என்னத்தைக் கேக்க?" என்பார் அக்கா வீட்டுக்காரர்.

எங்களுக்கு அதுதான் வசதியாகப் போயிற்று. மத்தியானம் சமையல் முடிந்து, ஆண்கள் சாப்பிட்டுக் கடைக்கும் ஆபீசுக்கும் போனபிறகு நான் சுவரேறிக் குதிப்பேன். மதினி வாசல் வழியாக வருவார். அக்கா கதவைச் சாத்திவிட்டு ஊசியை வைப்பாள்.

மெட்டுகளின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். முதல் பக்கத்தில் முதலாவது 'குதிரை வண்டி'. இரண்டாவது மெதுவாகப் போகும் சாக்சபோன், அது 'தொட்டில்'. மதினிக்கு உயிர். மூன்றாவதில் விசில் வரும், அக்காவுக்கு அது. எனக்குப் பிடித்தது இரண்டாம் பக்கத்தில் நாலாவது. ஆர்கன் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போகும். ஏற ஏற என் நெஞ்சும் கூடவே ஏறும். அதற்குப் 'படி' என்று பேர் வைத்தேன்.

அந்தப் படியை உடைத்தவளும் நான்தான். தட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகியிராது. 'படி' உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுப் புறவாசலிலிருந்து மாமியார் என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பதறிப்போய் எழுந்து, அக்காவுக்கு முந்தி ஊசியைத் தூக்கப் போனேன். கை வழுக்கியது. சர்ரென்று ஒரு கீறல். மறுநாள் போட்டுப் பார்த்தால், ஆர்கன் மேலே ஏறும், ஊசி ஒரு துள்ளுத் துள்ளும், நேரே முடிவில் போய் விழும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விடுட்டி. இதே மாதிரி வேற எவங்கிட்டயும் இருக்காதுல்லா. இனி இது நம்ம தட்டு" என்றாள்.

கொஞ்ச நாளில் அந்தத் துள்ளலும் எங்களுக்குப் பழகிவிட்டது. நடுவில் என்ன இருந்தது என்பதே மறந்துபோனது. அந்த ஒரு மாதத்தில் அதைக் கேட்டிருப்போம்தான். ஆனால் எங்கள் பேச்சுச் சத்தத்தில் யார் உன்னித்துக் கேட்டார்கள்? அரிசி புடைக்கும்போது 'படி'யை முணுமுணுத்தால் நானே அந்த இடத்தில் தாவிவிடுவேன்.

இரண்டு மூன்று வருஷத்தில் கூட்டம் கலைந்தது. மதினி வீட்டுக்காரருக்குச் சிவகிரிக்கு மாற்றலாயிற்று. அக்கா குடும்பம் கடையநல்லூருக்குப் போனது. பெட்டியும் தட்டும் அவளோடு போயின. சுவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். கல்யாணம், சடங்கு என்று எங்கேயாவது சந்தித்தால் மூவரும் ஒரு மூலையில் உட்கார்ந்து முதலில் பேசுவது தட்டைப் பற்றித்தான். பிள்ளைகள் சௌக்கியமா என்பது அப்புறம்.

ஆறேழு வருஷம் கழித்து ஒரு சீசனில் மூன்று குடும்பமும் சேர்ந்து குற்றாலத்தில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்தோம். மாடியில் வேறு ஆட்கள், கீழ்த்தளம் முழுக்க நாங்கள். அக்கா வண்டியிலிருந்து இறங்கும்போது கையில் அந்தப் பெட்டி இருந்தது. மதினி தன் மூட்டையைப் படியிலேயே போட்டுவிட்டு, "தட்டு இருக்கா, அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

மறுநாள் மத்தியானம் ஆண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார்கள். வெளியே சாரல். அறையில் பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரில் ஒயரைச் சொருகினால்தான் பெட்டி ஓடும். மேகமூட்டத்தில் அறை அரையிருட்டாக இருந்தது. அக்கா ஊசியை வைத்தாள். குதிரை வண்டி புறப்பட்டதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தொடையில் தாளம் போட்டோம். ஒன்றுகூட மறக்கவில்லை. எந்த இடத்தில் டிரம்ஸ் நிற்கும், எந்த இடத்தில் விசில் வரும், எல்லாம் உடம்பிலேயே இருந்தது.

சண்டையும் பழையபடி வந்தது. "தொட்டிலுக்கு ஈடா இதுல ஒண்ணு உண்டா?" என்றார் மதினி. "அதைக் கேட்டா எனக்குத் தூக்கம்லா வருது" என்றாள் அக்கா. ஐந்தாவது மெட்டு வந்தபோது நான் அடுப்பில் டீத்தண்ணி வைக்கப் போனேன். அது எங்கள் யாருக்குமே பிடிக்காதது. எப்போதும் டீ போடுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தோம்.

இரண்டாம் பக்கம். 'படி' ஏறியது, துள்ளியது, முடிந்தது. அதே நேரம் வாசல் கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். ஈரத்தலை, கழுத்தில் சின்னச் சிலுவை. மாடியில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், லீவில் வந்திருக்கிறாள், இடுப்புவலிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்த சித்திக்குத் துணையாக.

"சத்தம் ரொம்ப இருக்கோ? குறைச்சிருதோம்" என்றாள் அக்கா.

"குறைச்சிராதிய. என்கிட்டயும் இதே தட்டு இருக்கு" என்றாள் அவள். மூச்சு வாங்கியது, மாடியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். "எங்க ஆஸ்பத்திரியில இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குத் திரும்பிப் போவும்போது எனக்குக் குடுத்திட்டுப் போனாரு. இதை வேற யாரும் கேட்டு நான் பாத்ததே இல்ல."

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். மதினி நகர்ந்து பாயில் அவளுக்கு இடம் விட்டார்.

"அந்த நாலாவதுல உங்க ஊசி ஒரு இடத்தை விட்டுட்டுப் போவுது" என்றாள் அவள்.

"தெரியும். நான்தான் கீறினேன்" என்றேன்.

"அப்ப அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன சிரிப்பு?"

"அந்த இடத்துல ஒருத்தன் சிரிப்பாம்லா."

மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "வாய்ப்பாட்டே இல்லாத தட்டுல மனுஷச் சிரிப்பு எங்கன இருந்து வரும்? நீங்க வேற தட்டைச் சொல்லுதிய."

நர்ஸ் பக்கத்திலிருந்த தகரப் பெட்டியின் மேல் விரலால் தட்டிக் காட்டினாள். ஆர்கன் நின்றதும் டிரம்ஸ் மட்டும் தனியாக வருமாம். தட்டிக்கொண்டே அடுத்து வரும் மெட்டை முனகினாள். எனக்குக் கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது. எங்கேயோ கேட்ட ஞாபகம் இருக்கிறது, பிடிபடவில்லை.

"தட்டு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா வீட்டுல. பாவூர்சத்திரம்."

"நாளைக்குக் காலையில போவோமா?"

அப்படிக் கேட்டது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். தனியாகப் பஸ் ஏறி எங்கேயும் போகாதவள் நான். ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இலையிலிருந்து நிமிர்ந்தார். "சீசனுக்குக் குத்தாலம் வந்துட்டு எவளாவது பாவூர்சத்திரம் போவாளா?"

"ஒரு தட்டு எடுத்துட்டு வந்துருதேன்."

"இங்க சாப்பிடத் தட்டுக்கா பஞ்சம்?"

மதினிதான் குறுக்கே வந்தார். "அவ போயிட்டு வரட்டும்ல. நான் சோறு வச்சிருதேன்" என்று தம்பியிடம் சொன்னார். மதினியின் பேச்சுக்கு என் வீட்டுக்காரர் எப்போதும் மறுபேச்சுப் பேசியதில்லை.

காலையில் முதலில் தென்காசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாவூர்சத்திரத்துக்கு இன்னொன்று. வழியெல்லாம் நர்ஸும் நானும் தட்டைப் பற்றியே பேசினோம். அவளுக்கு ரொம்பப் பிடித்தது முதல் பக்கத்து ஐந்தாவது என்றாள். "அதுவா? அது ஓடும்போது நாங்க டீ போடப் போயிருவோம்" என்றேன். அவள் மனசு நொந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பெரிய கிட்டாருக்கு அடியில சின்னதா இன்னொரு கிட்டார் ஓடும். அதைக் கேட்டிருக்கியளா?" என்றாள். நான் கேட்டதில்லை.

அவள் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. அவளுடைய அப்பா காய்கறி மண்டி வைத்திருந்தார். காப்பி குடிக்கச் சொன்னார்கள். தட்டைப் பார்த்த பிறகு குடிக்கிறேன் என்றேன். அவள் பீரோவைத் திறந்தாள். அதே சிவப்புக் கார், அதே மஞ்சள் துணி. எங்கள் அட்டையில் நிறம் மங்கிவிட்டிருந்தது, இதில் பளிச்சென்று இருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தட்டைத் துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சந்தை முடிந்து திரும்புகிறவர்கள் கூட்டம். காலுக்கடியில் கத்திரிக்காய் மூட்டை, தோளில் யாரோ ஒருவருடைய கூடை. ஒரு வளைவில் பஸ் சாய்ந்தபோது நாலைந்து பேர் என்மேல் சரிய இருந்தார்கள். நர்ஸ் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள்.

கூடைக்காரம்மா கேட்டாள்: "என்னம்மா அது, கண்ணாடியா?"

"ஆமா, கண்ணாடிதான்" என்றேன்.

"ஏலே, தள்ளி நில்லுங்கலே. புள்ள கண்ணாடி வச்சிருக்கு" என்று அவள் அதட்டியதும், அந்த நெரிசலிலும் எங்களைச் சுற்றி ஒரு முழம் இடம் கிடைத்தது.

குற்றாலத்தில் இறங்கியபோது சாரல் மழையாகவே மாறிவிட்டிருந்தது. இருந்தது ஒரு குடை. அதைப் பைக்கு மட்டும் பிடித்துக்கொண்டு இருவரும் சொட்டச் சொட்ட வீட்டுக்கு ஓடினோம். மதினி துவைத்த சேலையை எடுத்து நீட்டினார். "முதல்ல அதைப் போடுங்க மதினி, பெறவு மாத்திக்கிடலாம்" என்றேன்.

அக்கா நேரே இரண்டாம் பக்கத்து நாலாவதில் ஊசியை வைத்தாள். ஆர்கன் ஏறியது. ஒரு படி, இரண்டு படி. பழக்கத்தில் என் தோள் துள்ளத் தயாரானது. துள்ளவில்லை. ஆர்கன் உச்சியில் நின்றது. டிரம்ஸ் மட்டும் தனியாக, நிதானமாக வந்தது. பிறகு ஓர் ஆண்பிள்ளைச் சிரிப்பு. சின்னதுதான். பக்கத்தில் நிற்கிறவன் ஏதோ தப்பு வாசித்துவிட, இவனால் அடக்க முடியாமல் வந்துவிட்ட மாதிரி. அந்தச் சிரிப்பு முடியும் முன்பே கிட்டார், அக்கார்டியன், எல்லாம் ஒன்றாகப் புகுந்து தடதடவென்று படியிறங்கின.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஈரச் சேலையோடு நின்றபடியே சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இத்தனை வருஷமாக ஏதோ ஒரு பெட்டி பாடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன் போல. அது நாலைந்து மனுஷர்கள் ஒரு அறையில் கூடி உட்கார்ந்து வாசித்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"இன்னொருக்கா வை" என்றார் மதினி. வைத்தோம். இன்னொருக்கா. ஆறு தடவைக்கு மேல் நான் எண்ணவில்லை.

கடைசியில் மதினி தீர்ப்புச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு நம்ம தட்டுதான். இதுல நடுவுல யாரோ வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு."  அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு நர்ஸ் எங்களை அசையவிடாமல் உட்கார வைத்து முதல் பக்கத்து ஐந்தாவதைப் போட்டாள். "பெரிய கிட்டாரை விட்டுருங்க. அடியில கேளுங்க" என்றாள். கேட்டோம். உண்மைதான், மெல்லிசாக இன்னொரு கிட்டார், வேறொரு மெட்டையே தனக்குத்தானே பேசிக்கொண்டு போனது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளு இந்த நேரத்துல டீயா போட்டோம்?" என்றாள்.

அன்றைக்கும் அருவிக்குப் போயிருந்த ஆண்கள் திரும்பி வந்தபோது சோறு வடித்திருக்கவில்லை. மறுபடியும் 'படி' ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்காரர் வாசலிலேயே தலையைத் துவட்டியபடி நின்றார். சிரிப்பு வந்த இடத்தில் துவட்டுவதை நிறுத்தினார். "யாரு அது?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலை நாலு பேருமாகப் பெரிய அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் நின்றோம். நர்ஸ் என் காதருகே வாயை வைத்து, தட்டைப் பற்றித்தான் என்று தெரிந்தது, ஏதோ கத்திச் சொன்னாள். அருவிச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. நானும் பதிலுக்கு என் கட்சியைக் கத்தினேன். அவளுக்கும் கேட்டிருக்காது. இருவரும் விடாமல் பேசிக்கொண்டே குளித்தோம்.