அரக்கு வைத்த கல்சட்டி

அர்த்தநாரிக்குத் தலைக்கனம் உண்டு. அது ஊரறிந்த சங்கதி. ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே மாக்கல்லைக் குடைந்து சட்டி செய்கிற பட்டறை அவருடையது. வேறொருவர் செய்த சட்டி கையில் கிடைத்தால் போதும், ஒரு சுண்டு சுண்டிப் பார்த்துவிட்டு, "இதுல கோழிக்குத் தண்ணி வெக்கலாமுங்க" என்று திருப்பிக் கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடந்தாலும் ஈரம் ஏறாத சட்டி வேண்டும் என்று அங்கம்மாள் கேட்டால் விடுவாரா?

கேட்டது சமையலுக்கு அல்ல. அவள் புருஷன் மருதாசலம் காய்ச்சலில் கிடந்தார். வைத்தியர் கையை விரித்துவிட்டார். ஒரே மகன் செங்கோடன் பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குப் போனவன். மாசியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அவனிடமிருந்து ஒரு கடிதாசி இல்லை. அப்பன் போய்விட்டால் கொள்ளி வைக்கச் சித்தப்பன் கருப்பண்ணன் இருக்கிறார், சரி. ஆனால் சாம்பலைக் காவிரியில் கரைப்பது மகன்தான் என்று அங்கம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். அவன் வரும்வரை அது தோட்டத்து மண்ணில் பத்திரமாக இருக்க வேண்டும். மண்கலயம் என்றால் விரிசல் விடும், இல்லாவிட்டால் நரி தோண்டிப் போடும்.

மூச்சு ஓடிக்கொண்டிருக்கிற மனிதருக்குச் சாம்பல் சட்டி குடைவது அர்த்தநாரிக்கே ஒப்பவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. வாயைச் சுற்றிப் பள்ளமாகக் காடி வெட்டி, அதில் மூடி போய் உட்காரும்படி தேய்த்து, இடுக்கில் அரக்கும் தேன்மெழுகும் காய்ச்சி ஊற்றினார். முதலில் ஒன்று செய்து, உள்ளே உப்பைக் கொட்டி மூடி, எட்டு நாள் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவைத்தார். ஒன்பதாம் நாள் திறந்தால் உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

ஆவணியில் மருதாசலம் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் நாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கி, சாம்பலோடு சேர்த்து இரண்டாவது சட்டியில் இட்டார்கள். அர்த்தநாரி அங்கேயே அடுப்பு மூட்டி அரக்குக் காய்ச்சி வாயை அடைத்தார். செங்கல் பாவிய குழியில் இறக்கி, சுற்றிலும் மணல் கொட்டி, மேலே ஒரு பலகைக்கல் போட்டு மூடினார்கள். இனி மகன் வந்துதான் திறக்க வேண்டும் என்று பங்காளிகள் முன்னால் பேச்சும் ஆயிற்று.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். அர்த்தநாரியின் மனைவி குஞ்சம்மாள், உப்பு வைத்துப் பார்த்த அந்த முதல் சட்டியில் கூழுக்குக் கரைத்த மாவை ஊற்றி, எறும்பு ஏறக்கூடாதென்று மெழுகால் இறுக அடைத்து வைத்திருந்தாள். மூன்றாம் நாள் 'டப்'பென்று ஒரு சத்தம். மூடி எகிறிக் கீழே கிடந்தது. மாவு நுரைத்து வழிந்தது. அர்த்தநாரி விழுந்து விழுந்து சிரித்தார். பாதிச் சிரிப்பில் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

பால்! எலும்பில் தெளித்த பால் காய்ந்ததா? இல்லை. ஈரத்தோடு போட்டு, காற்றுப் போக ஒரு மயிரிழை வழி விடாமல் அடைத்தவர் அவர்தான். சோதித்ததெல்லாம் காய்ந்த உப்பை வைத்து. ஒரு வெயில் காயவைக்கச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்; அது தோன்றவில்லையே அந்தப் பெரிய மூளைக்கு!

அப்போதே மழையில் நடந்தார். போகிற வழியெல்லாம் ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அங்கம்மாளிடம் மூடியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். புதைத்ததைத் தோண்டுவது ஆகாது என்று கருப்பண்ணன் குதித்தார். அங்கம்மாள் அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தோண்டச் சொன்னாள்.

பலகைக்கல்லைப் புரட்டி, மணலை வழித்தார்கள். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அரக்கு சில்லுச்சில்லாய்ப் பிளந்திருந்தது. உள்ளே சாம்பல் இல்லை. கலங்கல் தண்ணீரும் அடியில் சேறும்.

கருப்பண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் குரல் கம்மியது.

"அண்ணி, இதுக்கு மேல என்ன வேணும்? மூடி தானாத் தொறந்துக்கிச்சு. பையன் வர மாட்டான்னு அண்ணனே சேதி சொல்லிப்போட்டாரு. நாளைக்கே காவேரிக்குப் போயி, ரெண்டு பேருக்குஞ் சேத்து முடிச்சுரலாம்."

அங்கம்மாள் குழியையும் கருப்பண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். சரி என்று தலையாட்டப் போகிறாள் என்பது அர்த்தநாரிக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவர் சட்டியை ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. எல்லாம் தெய்வத்தின் தலையில் போய்விடும். முப்பது வருஷப் பேர் அப்படியே நிற்கும். அர்த்தநாரி ஓரடி முன்னால் வந்தார்.

"சேதியுமில்ல, ஒண்ணுமில்லீங்க" என்றார். "என் கைக்குத்தமுங்க. பாலு காயறதுக்குள்ள அடைச்சுப்போட்டேன். அது உள்ளயே புளிச்சுப் பொங்கி மூடியத் தள்ளீருச்சுங்க. தலைக்கனத்துல கண்ணு தெரியலீங்க எனக்கு."

குஞ்சம்மாளின் கூழ்மாவு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். இனிமேல் இந்த ஆள் செய்த சட்டியில் எவன் ரசம் வைப்பான் என்று கருப்பண்ணன் காறித் துப்பினார். அர்த்தநாரி குனிந்த தலை நிமிரவில்லை.

அங்கம்மாள் குழியோரம் உட்கார்ந்து, முந்தானையை விரித்து, சேற்றிலிருந்து எலும்பை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினாள். எடுத்தபடியே கேட்டாள்:

"அப்ப இது அவுரு சொன்ன சேதி இல்லீங்களா ஆசாரியாரே?"

"இல்லீங்க அம்மணி."

"நெசமா உங்க குத்தந்தானுங்களா?"

"என் குத்தந்தானுங்க."

அவள் கை நின்றது. ஒன்பது மாதமாக யாரும் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது.

"அப்ப எம் பையன் உசுரோட இருக்கறானுங்க."

அப்படி அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது கல். மலாயாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆனால் அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றார் அர்த்தநாரி.