பன்னிரண்டில் நின்ற முள்

அந்தக் குளிர்காலத்தில் செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தேன். ஏழாம் வகுப்போடு மட்டக்களப்பை விட்டுக் கிளம்பியவன். ஐந்து நாடுகளில் பாத்திரம் கழுவி, மாடி கூட்டி, கனடாவின் மொன்றியலில் வந்து நின்றேன். வீட்டுக்காரர் திருகோணமலைக்காரர். அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். வாடகை கேட்கவில்லை. பனி தள்ள வேண்டும், வீட்டைச் சூடாக்கும் பழைய பொயிலரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கட்டிலுக்கும் பொயிலருக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான்.

ஜனவரியில் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. பொயிலர் சுடவைக்கும் தண்ணீர் குழாய் வழியே மேலேறி, அறை அறையாக இரும்பு ரேடியேற்றர்களுக்குள் ஓடி, ஆறித் திரும்பி வரும். மூடிய சுற்று அது. ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது. ஆனால் காலையில் நான் தண்ணீர் விட்டு அழுத்தமானியின் முள்ளைப் பன்னிரண்டுக்கு ஏற்றினால், மறுநாள் காலை அது ஆறுக்கு வந்திருக்கும்.

"தம்பி, இந்தத் தண்ணியைப் பொயிலர் குடிக்குதோ, நீ குடிக்கிறியோ?" அண்ணை படியில் நின்று கேட்டார்.

"நான் குடிக்கிறது தண்ணியில்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அண்ணை."

சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமைக்குள்ள கண்டுபிடி. இல்லாட்டி இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுக் கறண்ட் ஹீற்றர் பூட்டப்போறன். பேந்து கீழ்வீட்டை வாடகைக்கு விடத்தான் வேணும். நீ வேற இடம் பாக்கவேணும்."

முந்தைய குளிருக்கு லவாலில் ஒரு கராஜில் படுத்திருந்தேன். இடது காலில் இரண்டு விரல்கள் அன்று மரத்தவை, இன்றும் அப்படியே இருக்கின்றன. எனக்கு அந்தக் கட்டில் வேண்டும்.

அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரைக் கக்கும் வால்வின் வாய்க்குக் கீழே ஒரு தகரப் பேணியை வைத்தேன். பேணி காய்ந்து கிடந்தது. தண்ணீர் சூடேறி விரியும்போது தாங்கிக்கொள்ளும் சிறு தாங்கியை விரல் முட்டியால் தட்டினேன். மேற்பாதி கனத்தும் கீழ்ப்பாதி வெறுமையாகவும் ஒலித்தன. அது நல்ல தாங்கியின் ஒலி. கோட்-டெ-நெய்ஜில் மாடி கூட்டிய நாட்களில் அங்கிருந்த பராமரிப்பாளர்கள் செய்ததைப் பார்த்திருக்கிறேன்: கழிவறைக் கடதாசியைக் கிழித்து, எல்லா மூட்டுகளிலும் ஒவ்வொரு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். கசிகிற இடத்தில் கடதாசி நனைந்திருக்கும். அப்படியே செய்தேன். வீடு காயக்கட்டுப் போட்ட ஆள் மாதிரி இருந்தது. மறுநாள் எல்லாக் கடதாசிகளும் காய்ந்தே இருந்தன.

மேல்மாடியில் பூட்டியிருந்த ஒரு அறையை மட்டும் பார்க்கவில்லை.

"அதுக்குள்ள ரேடியேற்றரை நான் அடைச்சுப்போட்டன். தண்ணி போகாது. நீ அங்க போகாத," என்றார் அண்ணை.

நம்பினேன். அதுதான் நான் விட்ட பிழை. அடைத்தால் தண்ணீர் போகும் வழி மட்டும்தான் மூடும். திரும்பும் வழி திறந்திருக்கும், அழுத்தம் அதற்குள்ளும் நிற்கும்.

அந்த அறை அவர்களுடைய மகனுக்கு. பதினெட்டு வயதில் ஊரில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மொன்றியல் வீட்டில் அவன் ஒருநாளும் கால் வைத்ததில்லை, ஆனாலும் கட்டில் விரித்தபடி இருந்தது. சண்டை நின்று பாதை திறந்த வருடம் அண்ணை போய் முகாம் முகாமாக விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார். அந்தியேட்டி செய்துவிடுவோம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அக்கா ஒரே கேள்விதான் கேட்பார்: "எந்த நாள் எண்டு சொல்லிச் செய்யிறது?" செத்த நாள் தெரியாதவனுக்கு எட்டாம் நாள் படையலுமில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியுமில்லை.

புதன்கிழமை மத்தியானம் அண்ணை வேலைக்குப் போயிருந்தார். மாடிப்படியில் கடதாசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்த அறைக் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுத்தார்கள். நீளமாக, விசிலோடு. சற்று நின்று, விட்டார்கள். கையில் இருந்த கடதாசியைக் கசக்கிக்கொண்டு நின்றேன். மறுபடியும் இழுத்தது.

கதவைத் தட்டினேன். அக்கா ஒரு சாண் திறந்தார்.

"மெதுவா, தம்பி. இப்பதான் கண் அயர்ந்தவன்."

அவர் தோளுக்கு மேலால் பார்த்தேன். கட்டிலில் யாரும் இல்லை. தலைமாட்டில் ரேடியேற்றர், அதன் கீழே நனைந்த துவாய்.

"சின்னனிலயிருந்து அவனுக்கு இழுப்பு," என்றார். "இழுக்கேக்க நல்லா வேர்த்துப்போடும். பாருங்கோ, இண்டைக்கு மூண்டாவது துவாய்."

கீழே பொயிலர் பற்றிக்கொண்டது. அந்த அதிர்வு காலில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ரேடியேற்றரின் உச்சியில், காற்று விடும் சின்னத் திருகிலிருந்து உஸ் என்று மூச்சு வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு சொட்டு. திருகு அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் சூடேறி விரியும்போது அது வழியாக ஊதும், கக்கும். ஆறிச் சுருங்கும்போது, அழுத்தம் குறைந்திருப்பதால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். காலையில் நான் தண்ணீர் விடாவிட்டால் அது ஊதவும் முடியாது. அவனுக்கு நாள்தோறும் மூச்சு ஊட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

"கேக்குதுதானே உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, கேக்குது."

அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை அக்கா கண் பரிசோதனைக்குப் போனார். பொயிலருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய சின்னத் திருகுச் சாவியை எடுத்துக்கொண்டு, அக்கா பூட்டாமல் விட்டுப்போன அறைக்குள் போய் அந்தத் திருகை இறுக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடதாசியைச் சுற்றினேன், காய்ந்தே இருந்தது. கீழே போய் முள்ளைப் பன்னிரண்டுக்கு ஏற்றினேன். வெள்ளி பன்னிரண்டு. சனியும் பன்னிரண்டு.

"வலு கெட்டிக்காரன்!" அண்ணை என் முதுகில் அடித்தார். "எங்க கசிஞ்சது?"

"ஒரு மூட்டு, அண்ணை."

"சரி, நீ இரு. எவ்வளவு காலமெண்டாலும் இரு."

ஞாயிற்றுக்கிழமை அக்கா குசினியில் அரிசி புடைத்தபடி, அண்ணையிடம் சாதாரணமாகச் சொன்னார்: "வியாழக்கிழமை, பின்னேரம் மூண்டு மணிக்கு நான் வந்து பாக்கேக்க மூச்சு இல்லை. வாற வியாழன் எட்டு. ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். இத்தனை வருடம் கிடைக்காமலிருந்த நாளை நான் ஒரு சாவியால் கொடுத்திருந்தேன்.

எட்டுக்கு அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார். சுறா வறை, கணவாய், பலாக்கொட்டைக் குழம்பு. பக்கத்து வீட்டு ஆட்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு இரண்டாம் முறை அக்காவே போட்டார்.

"கடைசியா அவன்ர சத்தம் கேட்டது நானும் நீங்களும்தான், தம்பி. நல்லாச் சாப்பிடுங்கோ." பிறகு சொன்னார்: "இனி அந்த அறை சும்மாதானே. ஏன் கீழ கிடந்து வதைபடுறியள்? மேல வந்து படுங்கோ."

அண்ணை ரேடியேற்றரைத் திறந்துவிட்டிருந்தார். என் பையைக் கொண்டுபோய் வைத்தேன். உண்ட களையில் அந்தக் கட்டிலில் சாய்ந்தேன். நல்ல சூடு. எந்தக் குளிர்காலத்திலும் எனக்கு அப்படி ஒரு சூடு கிடைத்ததில்லை. தலைமாட்டில் இரும்பு சத்தமில்லாமல் இருந்தது. அந்த அமைதியில் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

கதவுக்கு வெளியே பலகை ஒரு தரம் முனகியது. போய்விடுவார் என்று காத்திருந்தேன். காலடி நகரவில்லை. கதவில் காதை வைத்திருந்தார். நான் மூச்சை அடக்கினேன்.

"இழுங்கோ, தம்பி," என்றார் அக்கா, மெதுவாக. "இழுத்து விடுங்கோ."

பெப்ரவரி முடிவதற்குள் அந்த வீட்டை விட்டேன்.