படகுப் பெட்டியில் எடுத்த மாத்திரை

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறியே எங்களை வளர்த்தவர் அப்பா. கை நடுங்கி, நடை சுருங்கி, பார்க்கின்சன் நோய் என்று நரம்பு டாக்டர் சொன்ன பிறகும் ஏலத்தை விடவில்லை. மூளையில் அசைவுக்கு வேண்டிய டோபமைன் குறைந்துவிட்டது, இது ஈடுகட்டும் என்று டாக்டர் கொடுத்த மாத்திரை அவரை மறுபடியும் மீன் கூடைகளுக்கு நடுவே நிறுத்தியது. ஒரே தொல்லை, அதைப் போட்ட அரைமணியில் குமட்டல்.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். புதிதாகக் கடலுக்குப் போகிறவர்களுக்குக் குடலைப் புரட்டும் என்று தம்பியின் படகுப் பெட்டியில் வாந்தி மாத்திரை எப்போதும் கிடக்கும். தெருவில் யாருக்குக் குமட்டினாலும் அதிலிருந்துதான் கிள்ளிக் கொடுப்போம். டாக்டரைக் கேட்கிற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஓர் அட்டையை எடுத்துவந்து மூன்று வேளையும் கொடுத்தேன். குமட்டல் நின்றது. எனக்கு ஒரே பெருமை.

நான்காம் நாள் குளியலறை வாசலில் அப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. ஐந்தாம் நாள் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. துறைமுகத்தையே எழுப்பிய குரல் உள்ளே போய்விட்டது. ஏழாம் நாள் காலை இட்லி தொண்டையில் சிக்கிக் கண் பிதுங்கியது. முதுகில் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். நோய் முற்றிவிட்டது, அப்பா கையைவிட்டுப் போகிறார் என்றே நினைத்தேன். அன்றும் அந்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிவிட்டுத்தான் நரம்பு டாக்டரிடம் போக ஆட்டோ பிடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெரிய மார்க்கெட் நெரிசலில் ஆட்டோ நகரவில்லை. அப்பாவின் வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. ஆட்டோக்காரரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் காட்டச் சொன்னார் டாக்டர். கையோடு கொண்டுவந்திருந்த மருந்துப் பையை மேசையில் கவிழ்த்தேன். படகு அட்டையை மட்டும் தனியே எடுத்தார்.

"இத யார் குடுத்தது?"

கவிழ்த்த பையை மடிக்கத் தொடங்கினேன். டோபமைன் மூளையில் எந்த இடத்தில் போய்ச் சேர்ந்து வேலை செய்யுமோ, அந்த இடத்தையே இந்த வாந்தி மாத்திரை அடைத்துவிடும், இவருக்கு இதைத் தரவே கூடாது என்றார். ஆக, ஒரு கையால் சோற்றை ஊட்டி மறு கையால் வாயைப் பொத்தியிருக்கிறேன், ஒரு வாரமாக.

"யாருன்னு கேக்கறேன்."

இரண்டு நாளாக ஒரு சொல்லும் சரியாக வராத அப்பா, முகத்தில் அசைவே இல்லாமல், மூச்சைக் கூட்டிச் சேர்த்துப் பேசினார்.

"நான்தான் சார். நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

டாக்டர் அவருடைய விரல்களைப் பார்த்தார். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்க அந்த விரல்களால் முடியாது.

"பொய் சொல்றாரு சார்," என்றேன். "நான்தான் குடுத்தேன்."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் திட்டவில்லை. இதை நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி வருவார் என்றார். குமட்டலுக்கு மூளைக்குள் அவ்வளவாகப் போகாத வேறொன்றை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா என் கையைப் பிடிக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. நானே பிடித்துக்கொண்டேன்.