காதர் பாயும் ஐஸ் பிளாண்டும்

போன வாரம் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். வீடியோக்காரர் முகத்துக்கு நேரே லைட்டைப் பிடித்தார், சூடே இல்லை. முன்பெல்லாம் அந்த லைட் பட்டாலே பெண்ணின் தலையில் மல்லிகை வதங்கி ஒரு வாசம் வரும். எனக்கோ கல்யாணம் மறந்து, கொடைக்கானலில் ஒரு செடியை அந்த லைட்டில் வாட்டிய நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் காதர் பாயின் காட்டேஜில் எனக்குத் தோட்ட வேலை. யாரிடமும் முகம் கொடுத்துப் பேச வராத எனக்குச் செடிகள்தான் தோது. அவை பதில் கேட்பதில்லை. வாசலோரக் கல்மேட்டில் ஐஸ் பிளாண்டைக் கிள்ளி நட்டிருந்தேன். ஜமுக்காளம் விரித்த மாதிரி தரையோடு படரும். தண்ணீர் கொஞ்சம் போதும். வெயில் நிறைய வேண்டும். வெயில் பட்டால் பூக்கள் விரிந்து மேடே ரோஸ் நிறமாகும். மேகம் மறைத்தால் கடையை மூடிவிடும்.

பாய்க்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். "ஏலே, கோடை விழா தோட்டப் போட்டியில பிரைஸ் வந்தா உஞ்செடி கெடக்கட்டும். இல்லையின்னா வெட்டிப்புட்டுக் கார் நிப்பாட்டப் போறேன்."

நடுவர்கள் வந்த அன்று எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. ஒரு பூகூடத் திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பாய்க்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்து ஸ்டுடியோவில் வீடியோ லைட்டை வாங்கிவந்து, வயரை இழுத்து, குனிந்து மொட்டுகளுக்கு நேரே பிடித்தார்.

"வெரசா தொறங்கத்தா!"

நடுவர்கள் வெளிச்சத்தைப் பார்த்ததும் சேலையையும் தலைமுடியையும் சரிசெய்துகொண்டு வரிசையாக நின்றார்கள். "கேமரா எங்கங்க?" என்று மட்டும் கேட்டார்கள். மொட்டு ஒன்றும் திறக்கவில்லை.

அவர்கள் கார் கிளம்பியதும் வெயில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் மேடு முழுக்கப் பூ.

"ஓடுலே!" என்றார் பாய்.

சத்தம் போட்டுப் பழக்கமில்லாத நான் ஏரி ரோட்டில், டூரிஸ்ட் பஸ்களுக்கு நடுவே, "பூ தொறந்துருச்சுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். நெரிசலில் நின்ற காரைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தேன். பனியும் கூடவே வந்துவிட்டது.

"எங்கப்பா பூவு?" என்றார் நடுவரம்மா.

"இப்பத்தாங்க இருந்துச்சு."

"அல்லா அறிய நானும் பாத்தேம்மா" என்றார் பாய்.

பரிசு இல்லை. மறுநாள் மண்வெட்டிச் சத்தத்தை எதிர்பார்த்தே போனேன். மேட்டோரம் நாற்காலி போட்டுப் பாய் உட்கார்ந்திருந்தார். பூவெல்லாம் விரிந்து கிடந்தது. உள்ளே காரைத் திருப்பிய விருந்தாளியிடம் கையை ஆட்டினார்: "வண்டிய அங்கிட்டுப் போடுங்க தம்பி, வெயில மறைக்குது."

இப்போது காட்டேஜுக்குக் கிழக்கே நாலு மாடி லாட்ஜ். காலையெல்லாம் அதன் நிழல்தான் அந்த மேட்டில் விழுகிறது. லாட்ஜை அங்கிட்டுப் போடச் சொல்லப் பாய் இல்லை.