சாத்துக்குடி அளவுத் தொப்பி

தேவசகாயத்தின் ஷேர் ஆட்டோ நிறைய இன்னும் இரண்டு ஆள் வேண்டும். திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே மற்ற ஓட்டுநர்கள் "படூர், படூர்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றி, மஞ்சள் நூலில் குரோஷா போட்டுக்கொண்டிருக்கிறார். ஆள் சேர்ந்ததும் கிளம்பிவிடுவார் என்று நினைக்கக் கூடாது. "இரும்மா, இந்த சுத்து முடிஞ்சிடட்டும். நடுவுல வுட்டா அவுந்துகினு பூடும்" என்பார். காலேஜ் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்களே தவிர, இறங்கி வேறு வண்டிக்குப் போனதில்லை.

ஆறடி ஆள். முறம் மாதிரி கை. அந்தக் கைக்குள் வளைந்த மூக்கு ஊசி பல்குச்சியாகத் தெரியும். உண்மையில் அது மனைவி ஜாக்குலினின் ஊசி. சர்ச் மாதர் சங்கத்தில் ஆசையாகக் கற்றுக்கொண்டு வந்தாள். படூர் ஹாஸ்டல் சமையலறையில் வேலை கிடைத்ததும் மூலையில் போட்டுவிட்டாள். வண்டி நிறையும் வரை பீடி பிடிக்கிற நேரத்தில் இதைச் செய்து பார்ப்போமே என்று எடுத்தவர்தான். பீடி போயிற்று, ஊசி ஒட்டிக்கொண்டது. தன்னுடைய இழைதான் சீராக வருகிறது என்பதில் அவருக்கு ரகசியப் பெருமை. அதை ஜாக்குலின் காதுபடச் சொல்லும் தைரியம் மட்டும் இல்லை.

பின்னுவதெல்லாம் தொப்பி. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கு. முதல் தடவை கொண்டுபோனதைப் பார்த்து நர்ஸ் ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு தொப்பிக்குள் மூன்று குழந்தைகளை உட்கார வைக்கலாம் போல இருந்ததாம். அன்றிலிருந்து வண்டியின் முன்பக்கத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சாத்துக்குடி இருக்கும். அதற்கு மாட்டிப் பார்த்து, சரியாக உட்கார்ந்தால்தான் நூலை அறுப்பார். யாராவது பழத்தை உரிக்கக் கை நீட்டினால் போச்சு, "அது பழம் இல்லப்பா, தல" என்று அதட்டுவார்.

போன மார்கழியில் உற்சாகம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. ஒவ்வொரு தொப்பியையும் பளபளக்கும் கவரில் போட்டு, ரிப்பன் கட்டி, கடைச் சரக்கு தோற்றுப்போகும்படி கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த வாரம் ஜெனிட்டா தயங்கித் தயங்கிச் சொன்னார். கவரை யாரும் பிரிக்கவே இல்லை. கவர் இல்லாமல் கொடுத்தபோது பழையது என்று நினைத்து மாட்டிவிட்ட தாய்மார்கள், இப்போது புத்தம் புதிது என்று பத்திரப்படுத்திவிட்டார்கள். பிறந்த பிள்ளைக்குத் தீட்டுக் கழியும் வரை பழந்துணிதான், புதுசு ஆகாது. இவருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆசையில் மறந்துபோயிற்று.

எல்லோரையும்விட வரலட்சுமி என்ற தாய்தான் ஜெனிட்டாவுக்குப் பெரிய கவலை. ஏழாம் மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை அவளுக்கு. தலை வழியாகவே உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டிருந்தது. சூடு நிற்காவிட்டால் எடையும் ஏறாது, மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். நர்ஸே கவரைப் பிரித்துத் தொப்பியை மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் கழற்றி மடியில் ஒளித்துவிடுவாள். திட்டிப் பார்த்தும் பயனில்லை. முதல் குழந்தைக்கு அவள் ஆசை ஆசையாகப் புதுச் சட்டை போட்டாள். அது ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

 எந்தக் குழந்தை சூடாக இருக்க வேண்டும் என்று ஊசி பிடித்தாரோ, அதே குழந்தை தன் ரிப்பனால் குளிரில் கிடக்கிறதே என்று தேவசகாயம் மருகினார். ஜெனிட்டாவிடம் சொல்லி அந்தப் பெண்ணை வராந்தாவுக்கு வரச் சொன்னார். மெலிந்த பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சுவரோரம் ஒட்டி நின்றாள்.

"பயப்படாத தாயி. புதுசு ஆவாதுன்னா வேணாம். நீ கட்டின பழம்பொடவ எதுனா கீதா?" என்று கேட்டார்.

குழந்தையைச் சுற்ற வைத்திருந்த நூல் புடவை ஒன்று பையில் இருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்து, மெத்தென்று ஆகிவிட்டது. அதை மெல்லிசான நாடாக்களாக அவளையே கிழிக்கச் சொல்லி, அவற்றை முடிச்சு விழாமல் ஒன்றோடொன்று கோத்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பின்னினார். ஆட்டோ ஸ்டாண்டில் ஊசியைப் பார்க்காமலே ஓடும் விரல்கள், அன்று இரண்டு தடவை தப்புப் போட்டுப் பிரித்தன. அவள் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெனிட்டா தொப்பியைக் கொதிக்கும் தண்ணீரில் அலசி, இஸ்திரி போட்டு உலர்த்தி, உள்ளே கொண்டுபோனார். வரலட்சுமியும் பின்னாலேயே போனாள். தேவசகாயம் பெஞ்சிலேயே இருந்தார். ஆட்டோவை இன்று தம்பி ஓட்டட்டும் என்று போனில் சொல்லிவிட்டார்.

வெகுநேரம் கழித்து வரலட்சுமி வந்தாள். கண்ணெல்லாம் நீர்.

"பாப்பா கால் சூடாயிடுச்சுண்ணா. தொட்டுப் பாத்தேன்" என்றாள்.

 தேவசகாயம் ஊசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழப் போனார்.

அவள் போகவில்லை. மீதிப் புடவையைப் பெஞ்சில் விரித்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணும் தன்னைப் போலவே தொப்பியைக் கழற்றி வைத்திருக்கிறாள், கேட்க வெட்கப்படுகிறாள் என்று மெல்லச் சொன்னாள். பிறகு புடவையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிசல் விட்டு, ஒரு முனையை அவரிடம் நீட்டினாள்.

தேவசகாயம் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, அந்த முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.