ரோட்டோரக் கல்லுக்குக் குங்குமம்

மரக்காணத்தில் உப்பளத்தைத் தாண்டி ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தார் ஒருவர். கத்தை மீசை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி. கடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்காக நட்டது என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருந்தது. உப்புக் காற்று எழுத்தைத் தின்றுவிடும் என்று, காலையில் முதல் குடம் நல்ல தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவாராம். நான் டீ குடிக்கப் போன அன்று கல்லைக் கழுவி, மஞ்சள் தடவி, பெரிதாகக் குங்குமப் பொட்டும் வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இது சாமி இல்லைங்க. போர் நினைவுக்கல்."

"தெரியும் சார். எங்க கொள்ளுத்தாத்தாவும் அதுல ஒருத்தரு." டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "ரோடு அகலம் பண்ண வந்தாங்க. நினைவுக்கல்லுன்னு சொன்னேன். புடுங்கி ஓரமா போடுன்னாங்க. மறுநாள் பொட்டு வச்சேன். செருப்பக் கழட்டிக் கும்பிட்டுட்டு, ரோட்டையே வளச்சிட்டாங்க!"

"நல்ல தந்திரம்தான்."

"அதுல ஒரு தொல்லை சார். லாரிக்காரங்க வந்து வேண்டிக்கிறாங்க. வேண்டினது நடக்கவும் நடக்குது. இப்ப எனக்கே கொஞ்சம் பயமா இருக்குது."

புதுச்சேரி பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு நானும் ஒன்று வேண்டிக்கொண்டேன்: அடுத்த முறை ரோடு போட வரும்போதும் இந்தக் கல் இங்கேயே இருக்க வேண்டும்.